கம்பியில்லாத் தந்திக்குக் கம்பி கட்டிய மார்க்கோனி

யாழின் நரம்பிற்கும் வீணையின் கம்பிக்கும் தந்தி என்பது பெயர். யானையைக் குறிக்கும் தந்தி என்பது வேறு சொல். மின்சாரத்தாற் செய்தி விடுக்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் நம் நாட்டிற் புகுந்தபோது, கம்பத்திற்குக் கம்பம் ஓடிய நெடுங்கம்பியைக் கண்ட நம் முன்னோர் அச்செய்திக்கும் தந்தி என்றே பெயர் வழங்கினர். பின்னர் அக்கம்பியின் துணையின்றியே செய்தி செல்லலாயிற்று. அதனைக் கம்பியில்லாத் தந்தி என்றனர். சொற்பொருளை நோக்கின் அது கம்பியில்லாத கம்பி என்றாகும். நம் நாட்டில் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முடிவெய்திவிட்டது. ஆயினும் அச்சொல்லில் உள்ள முரண் இன்றும் ஆராயத்தக்கது.

உண்மையில் அது கம்பியற்ற தந்தியன்று. ஊருக்கும் ஊருக்கும் இடையே கம்பி இல்லை என்பது மெய்யே. ஆனால் அனுப்புவோன் தலைமேல் ஒரு கம்பியும் பெறுவோன் தலைமேல் ஒரு கம்பியும் உயர்ந்து நின்றாலன்றிச் செய்தி நெடுந்தூரம் செல்லாது. ஏரியல் என்றும் ஆண்டெனா என்றும் மக்கள் கூறுவது அக்கம்பியையே. அதன் பெருமையைப் பேரறிஞர் பலரும் நன்கு உணராதிருந்த காலத்தில், கல்லூரிப் பட்டம் ஒன்றும் பெறாத இளைஞர் ஒருவர் உணர்ந்தார். அவரே குல்யெல்மோ மார்க்கோனி. அவர் வாழ்க்கையை அவர் கட்டிய கம்பியோடு சேர்த்து ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இத்தாலி தேசத்துப் பொலோனியா நகரில் 1874ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் மார்க்கோனி பிறந்தார். தந்தையார் கியூசெப்பே மார்க்கோனி நிலபுலம் மிக்க செல்வர். தாயார் ஆனி ஜேம்ஸன் அயர்லாந்து நாட்டவர். சாராயத் தொழிலிற் பெயர்பெற்ற ஜேம்ஸன் குடும்பத்தில் தோன்றியவர். பொலோனியாவிற்கு அணித்தாகப் பொன்டெக்கியோ என்னும் சிற்றூரில் இக்குடும்பத்தார்க்கு வில்லா கிரிபோனே என்ற பெருமனை இருந்தது. தாயிடமிருந்து ஆங்கிலமும் தந்தை நாட்டிலிருந்து இத்தாலியமும் கற்று இம்மனையில் வளர்ந்தார் சிறுவர். பள்ளிப்படிப்பு ஒழுங்காக அமையவில்லை. பல்கலைக்கழகத்தில் முறையாகச் சேர்ந்து பட்டம் பெறும் பேறும் அவர்க்கு வாய்க்கவில்லை. தந்தையார் மகன் கருவிகளோடு காலம் போக்குவதைக் கண்டு மனம் வருந்தினார். தாயாரோ மகனுக்கு அரணாக நின்றார். அவ்வூர்ப் பக்கத்திலேயே வாழ்ந்த பௌதிகப் பேராசிரியர் அகஸ்டோ ரீகி என்பார் தம் விரிவுரைகளைக் கேட்கவும் நூல்களைப் பார்க்கவும் இளைஞர்க்கு இடந்தந்தார்.

அக்காலத்து அறிவியல் நிலையையும் சிறிது நோக்குதல் வேண்டும். மின்னும் காந்தமும் கூடிய அலைகள் உண்டு என்பதை ஸ்காத்லாந்து அறிஞர் மாக்ஸ்வெல் கணித வாயிலாகக் கூறினார். ஜெர்மானியராகிய ஹெர்ட்ஸ் 1887-88ஆம் ஆண்டுகளில் அவற்றைத் தம் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். ஹெர்ட்ஸ் 1894ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தம் 36ஆம் அகவையில் மறைந்தார். அவர் பணியைப் போற்றி ரீகி எழுதிய கட்டுரையை, மலைப்பகுதியொன்றில் கோடை விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த 20 வயது மார்க்கோனி கண்ணுற்றார். இவ்வலைகளைக் கொண்டு செய்தி அனுப்பலாகாதா என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் தோன்றியது. இத்துணை எளிய எண்ணம் பெரியோர் பலர்க்கும் முன்பே தோன்றியிருக்கும் என்று அவர் முதலில் ஐயுற்றனர். மனைக்குத் திரும்பியதும் மேல்மாடத்து அறையில் கருவிகளைப் பரப்பினார். ஓர் இரவு தாயாரை எழுப்பி அழைத்துச் சென்று, அறையின் ஒரு கோடியில் விசையை அழுத்தி மறுகோடியில் மணி ஒலிக்கச் செய்து காட்டினார்.

இஃது அவர் ஒருவரே கண்ட புதுமையன்று. இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜும், உருஷியாவில் போபோவும், நம் நாட்டில் ஜகதீச சந்திர போஸும் அவ்வலைகளை ஆராய்ந்து கொண்டிருந்தனர். போஸ் 1895இல் கல்கத்தாவில் சுவருக்கு அப்பால் இருந்த மணியை அலைகளால் ஒலிப்பித்தும், வெடிமருந்தைக் கொளுத்தியும் மக்களை வியப்பிலாழ்த்தினார். ஆயின் அவர் நாட்டம் அலைகளின் இயல்பின்மேற் சென்றது. மில்லிமீட்டர் அளவிலான மிகச் சிற்றலைகளை உண்டாக்கி, அவை ஒளியைப் போலவே திரும்புதலையும் வளைதலையும் அளந்தார். மார்க்கோனியின் நாட்டமோ ஒன்றே ஒன்று: எவ்வளவு தொலைவு செல்லும் என்பது.

1895ஆம் ஆண்டில் அவர் தம் கருவியை மனையின் தோட்டத்திற்குக் கொணர்ந்தார். ஈண்டுத்தான் கம்பி வருகின்றது. ஹெர்ட்ஸின் கருவியில் தீப்பொறி பாயும் இடைவெளியின் இருபுறமும் இரு சிறு கோல்கள் நின்றன. மார்க்கோனி அவற்றுள் ஒன்றை நிலத்தோடு பிணைத்தார். மற்றொன்றைக் கம்பியால் உயரத் தூக்கிக் கழியின் உச்சியில் தகரப் பெட்டியொன்றோடு இணைத்தார். 30 சென்டிமீட்டர் பக்கமுடைய பெட்டியை 2 மீட்டர் உயரத்தில் வைத்தபோது செய்தி 30 மீட்டர் சென்றது. 4 மீட்டர் உயர்த்தினார். 100 மீட்டர் சென்றது. 8 மீட்டர் உயர்த்தினார். 400 மீட்டர் சென்றது. உயரத்தை இருமடங்காக்கினால் தொலைவு ஏறத்தாழ நான்மடங்காகின்றது என்பதை இதனால் உணர்ந்தார். பெட்டியையும் பெரிதாக்கியபோது செய்தி 2,400 மீட்டருக்கு எட்டியது. வீட்டிற்கு எதிரே இருந்த குன்றிற்கு அப்பால் பெறுகருவியை வைத்து, செய்தி வந்தால் துப்பாக்கி சுடுமாறு ஏற்பாடு செய்தார். விசையை அழுத்தினார். குன்றின் மறுபுறத்திலிருந்து வெடியோசை கேட்டது. மலை மறைத்தும் அலை மறைபடவில்லை.

1896ஆம் ஆண்டு பிப்ரவரியில் தாயாருடன் லண்டன் சேர்ந்தார். அந்நாட்டுச் சுங்க அதிகாரிகள் கருவியை ஐயுற்றுப் பிரித்துப் பழுதாக்கினர் என்பர். தாய்வழி உறவினர் ஹென்றி ஜேம்ஸன் டேவிஸ் உதவினார். ஜூன் 2ஆம் நாள் உரிமைச்சாசனத்திற்கு விண்ணப்பம் செய்தார். தபால் இலாகாவின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் இவர்க்கு ஆதரவளித்தார். சாலிஸ்பரிச் சமவெளியில் இராணுவத்தார் முன்னிலையில் சோதனைகள் நிகழ்ந்தன. ஆண்டுக் கம்பங்கள் போதாமையின் பலூன்களாலும் காற்றாடிகளாலும் கம்பியை வானில் உயர்த்தினர். வேண்டுமிடத்துக்குத் தூக்கிச் சென்று வேண்டும்போது கட்டி அவிழ்க்கும் கம்பிக்கு இவையே முன்னோடி எனலாம்.

அடுத்த ஆண்டு மே மாதம் பிரிஸ்டல் கால்வாயின் கரையில் லாவர்நாக் முனைக்கும் பிளாட்ஹோம் தீவிற்கும் இடையே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீர்ப்பரப்பைக் கடக்க முயன்றனர். முதல் நாட்களில் வெற்றி கிட்டவில்லை. மே 13ஆம் நாள் பெறுகருவியைச் செங்குத்தான கரையின் மேலிருந்து கீழே கடற்கரைக்கு இறக்கிச் சென்று, மேலே நின்ற கம்பத்தோடு கூடுதலாகக் கம்பி சேர்த்து இணைத்தனர். கம்பியின் நீளம் மிகுந்தது. செய்தி தெளிவாக வந்தது. கருவியில் யாதொரு மாற்றமும் இல்லை, கம்பியில்தான் மாற்றம். பின்னர் 16 கிலோமீட்டர் வரை செய்தி சென்றது. அவ்வாண்டு ஜூலையில் மார்க்கோனியின் கம்பெனி தோன்றியது. 1899 மார்ச்சில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பிரான்ஸிலிருந்து இங்கிலாந்திற்குச் செய்தி வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் குட்வின் மணற்றிட்டருகே நின்ற விளக்குக் கப்பலின்மீது மற்றொரு கப்பல் மோதியபோது, விளக்குக் கப்பலில் இருந்தோர் கம்பியில்லாத் தந்தியால் உதவி வேண்டினர். தென்னாப்பிரிக்கப் போர்க்களத்திற்குச் சென்ற மார்க்கோனியின் பணியாளர் கம்பத்திற்கு ஏற்ற மரங்கள் கிடையாமையின் காற்றாடிகளைக் கொண்டே கம்பியை உயர்த்த முயன்றனர். காற்று ஒருநாள் உதவியது, மறுநாள் கைவிட்டது.

இனி அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டுவதே மார்க்கோனியின் ஆசையாயிற்று. அறிஞர் பலர் இது நடவாது என்றனர். அலை ஒளியைப் போல் நேரே செல்வது, நிலவுலகோ உருண்டை, ஆகவே அலை வானிற் சென்று மறையுமேயன்றிக் கடலின் வளைவைத் தொடராது என்பது அவர் வாதம். வாதம் வலியதே. எனினும் குன்றைத் தாண்டிய வெடியோசையை முன்பே கேட்டவர் மார்க்கோனி. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியாகிய போல்டு என்னுமிடத்தில் 20 கம்பங்களை வட்டமாக நாட்டிப் பெரியதோர் ஏரியல் அமைத்தார். ஒவ்வொரு கம்பமும் ஏறத்தாழ 200 அடி உயரம். 1901 செப்டம்பர் 17ஆம் நாள் புயலில் அவை வீழ்ந்தன. அமெரிக்கக் கரையில் கேப் காட் என்னுமிடத்தில் நிறுத்திய கம்பங்களும் நவம்பரில் வீழ்ந்தன. பெரும்பொருள் கடலருகே முறிந்து கிடந்தது.

மற்றொருவராயின் ஓராண்டு காத்திருப்பர். மார்க்கோனி காத்திருக்கவில்லை. போல்டுவில் இரண்டு கம்பங்களுக்கிடையே விசிறிபோற் கம்பிகளைக் கட்டுவித்தார். கெம்ப், பேஜெட் என்னும் துணைவர் இருவருடனும், பலூன்களும் காற்றாடிகளும் கம்பிச் சுருளும் அடங்கிய மூட்டைகளுடனும் நவம்பர் 26ஆம் நாள் கப்பலேறினார். டிசம்பர் 6ஆம் நாள் நியூபவுண்ட்லாந்துத் தீவின் செயின்ட் ஜான்ஸ் துறையை அடைந்தார். துறைவாயிலில் சிக்னல் ஹில் என்னும் குன்று நிற்கின்றது. அதன்மேல் இருந்த பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் ஓர் அறையைப் பெற்றுக் கருவியை மேசைமேல் வைத்தார்.

டிசம்பர் 11ஆம் நாள் பலூனைப் பறக்கவிட்டனர். காற்று அதனைப் பறித்துச் சென்றது. மறுநாள் முதற் காற்றாடியும் கம்பியை அறுத்துக்கொண்டு போயிற்று. இரண்டாவது காற்றாடி 500 அடிக் கம்பியுடன் எழுந்து ஏறத்தாழ 400 அடி உயரத்தில் நின்றது. காற்றாடியைப் பட்டம் என்றும் கூறுவர். கல்விப் பட்டம் பெறாதவர் கடற்காற்றில் விட்ட இப்பட்டத்தின் நூலில்தான் ஒரு நூற்றாண்டின் செய்திப் போக்குவரத்துத் தொங்கியது. காற்றாடி மேலும் கீழும் ஆடியதால் கம்பியின் மின்னியல்பு கணந்தோறும் மாறியது. ஆகவே சுருதி சேர்த்த கருவி பயன்படவில்லை. எளிய பாதரச உணர்கருவியொன்றை இணைத்து, டெலிபோன் குழலைக் காதில் வைத்துக் காத்திருந்தார். நண்பகல் கடந்து அரைமணியளவில் மூன்று சிறு ஓசைகள் கேட்டன. அவை மார்ஸ் சங்கேதத்தில் ஒரே எழுத்தைக் குறிப்பவை. போல்டுவிலிருந்து விடுமாறு அவர் ஏற்பாடு செய்திருந்தவை. குழலைக் கெம்பிடம் கொடுத்தார். கெம்பும் கேட்டார். இடைநின்ற கடல் ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர்.

அப்பாதரசக் கருவி இத்தாலியக் கடற்படையினர் வழியே மார்க்கோனிக்குக் கிடைத்தது. அதனை ஒத்த கருவியைப் போஸ் 1899இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு விடுத்த கட்டுரையில் விவரித்திருந்தார். ஆதலின் அக்குன்றின்மேல் நிகழ்ந்த செயலில் கல்கத்தாவின் பங்கும் உண்டு என அறிஞர் ஆராய்ந்து கூறுகின்றனர். மார்க்கோனி அதனை உலகிற்கு அறிவிக்க முன்வரவில்லை. இது நம் நாட்டார் மறக்கவியலாத குறை.

வேறோர் ஐயமும் எழுந்தது. அவ்வோசையைக் கேட்டவர் இருவரே. தாளிற் பதிந்த சான்று இல்லை. பகற்பொழுதில், அத்தகைய நீண்ட அலையில், அவ்வளவு தொலைவு கேட்டிருக்கக்கூடுமா என்று பிற்கால அறிஞர் சிலரும் வினவினர். வானிடியின் ஓசையைச் செய்தியென்று மயங்கியிருக்கலாம் என்பார் உளர். மார்க்கோனி இவ்வையத்தைச் சொல்லால் மறுக்கவில்லை; செயலால் மறுத்தார். 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்னும் கப்பலில் ஏரியல் கட்டி மேற்கே சென்றார். ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் வரை முழுச்செய்திகள் தாளிலேயே பதிந்தன. கப்பற்றலைவர் அத்தாளில் ஒப்பமிட்டார். இரவில் அலை நெடுந்தொலைவு செல்வதும் பகலில் விரைவிற் குன்றுவதும் அப்பயணத்தில்தான் புலனாயின. அதே ஆண்டில் கென்னலியும் ஹெவிசைடும், வானின் உயரத்தில் மின்னேறிய படலம் ஒன்று அலையைத் திருப்பி அனுப்புகின்றது எனக் கருதிக் கூறினர். அப்படலம் உண்டென்பதை ஆப்பிள்டன் 1924இல் மெய்ப்பித்தார்.

1907இல் அட்லாண்டிக் கடலுக்கு இருபுறமும் வணிகச் செய்திகள் செல்லலாயின. 1909இல் ஜெர்மானியராகிய பிரவுனோடு நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியபோது, மார்க்கோனிக் கம்பெனியின் பணியாளர் பிலிப்ஸ், பிரைட் இருவரும் உதவி வேண்டிச் செய்தி விடுத்தவண்ணம் இருந்தனர். கார்பேத்தியாக் கப்பல் அதனைக் கேட்டு விரைந்து வந்து 700க்கு மேற்பட்டோரைக் காத்தது. பிலிப்ஸ் உயிர் துறந்தார். அக்கப்பலின் இரு பாய்மரங்களுக்கிடையே கட்டிய கம்பியே அவர்கள் குரலைச் சுமந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மார்க்கோனி மோட்டார் விபத்தொன்றில் வலக்கண்ணை இழந்தார். எனினும் பணியை விடவில்லை.

இதுகாறும் ஆசிரியராக விளங்கியவர் மாணாக்கராக மாறிய வரலாறு இனி வருகின்றது. நெடுந்தொலைவிற்கு நீண்ட அலைகளே ஏற்றவை என்று அவரும் கம்பெனிகளும் நம்பியிருந்தனர். மேலும் மேலும் பெரிய கம்பங்களை நாட்டினர். அமெரிக்க அரசு 1912ஆம் ஆண்டுச் சட்டத்தால், ஊதியங் கருதாது விருப்பத்தால் இத்தொழில் பயிலும் அமெச்சூர்களுக்கு 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைகளும் மட்டும் ஒதுக்கியது. பயனற்றவை என்று எண்ணியே அவற்றைக் கொடுத்தனர். 1921 டிசம்பரில் பால் காட்லி என்னும் அமெரிக்கர் ஸ்காத்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் குளிரிலும் மழையிலும் ஒரு கூடாரம் அடித்தார். கம்பங்களை வரிசையாக நட்டு, ஆளுயரத்திற்கு மேலாக நெடுங்கம்பி ஒன்றை ஓடவிட்டார். அமெரிக்க அமெச்சூர்கள் பலரின் குரலை அக்கம்பி பெற்றுத் தந்தது. 1923 நவம்பரில் பிரான்ஸிலிருந்த டெலாய் என்பார் அமெரிக்க அமெச்சூர்களோடு ஏறத்தாழ 110 மீட்டர் அலையில் இருவழியாகவும் உரையாடினார். ஏழைக்குக் கொடுத்த களர்நிலத்தில் பொன் விளைந்தது.

மார்க்கோனி நாணமின்றிக் கற்றார். எலெட்ரா என்னும் தம் கப்பலில் 1923இல் சிற்றலைகளைச் சோதித்தார். அலையை ஒரு திசையிற் குவித்து விடுக்கும் கம்பி வரிசைகளைத் தம் பொறியாளர் பிராங்க்ளினோடு அமைத்தார். 1926இல் கானடாவிற்கும் 1927இல் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளுக்கும் இம்முறையில் செய்திப்போக்குத் தொடங்கியது. புனாவிற்கு அருகே கிர்க்கியில் அமைந்த நிலையம் இந்தியாவின் குரலை இங்கிலாந்திற்கு அனுப்பியது.

சென்னையிலும் அமெச்சூர்களே வழிகாட்டினர். சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டியார் என்னும் பொறியாளர் முயற்சியால் 1924 மே 16ஆம் நாள் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றியது. ஜூலை 31ஆம் நாள் 40 வாட் ஆற்றலுடைய கருவியால் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1927இல் பொருளின்மையால் நின்றது. அதன் கருவியைப் பெற்ற சென்னை நகராண்மைக் கழகம் 1930 ஏப்ரல் முதல் நாள் ஒலிபரப்பை மீண்டும் நடத்தலாயிற்று. அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. அரசாங்கத்திற்கு முன்னரே விருப்பமுடையோர் கம்பி கட்டிவிட்டனர்.

அவ்விருப்பம் இன்றும் அழியவில்லை என்பதை எம் ஊரிலேயே கண்டோம். எம் ஊர் எளாவூர். சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதையில் கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்திற்கும் இடையே உள்ளது. கிழக்கே பழவேற்காட்டு ஏரி. அதற்கப்பால் விண்கலங்கள் எழும் ஸ்ரீஹரிகோட்டா. தொழிற்சாலைகளும் மின்வழிகளும் மின்சார ரயிலும் நிறைந்த இடமாதலின் வீட்டிற்குள் சிற்றலைப் பெட்டியைத் திருப்பினால் இரைச்சலே கேட்கும். ஆகவே அரசாங்கத் தேர்வெழுதி அமெச்சூர் உரிமம் பெற்ற பெரியவர் ஒருவர் சென்ற பொங்கல் விடுமுறையில் எம்மையும் எம் தோழர் மூவரையும் அறுவடை முடிந்த வயலுக்கு அழைத்துச் சென்றார். எங்களைத் தம்பி என்றே விளித்து வேலை ஏவினார். நாங்களும் ஐயா என்றழைத்து ஏவியவாறு செய்தோம்.

அவர் கொணர்ந்தவை தோளிற் சுமக்கத்தக்க சில பொருள்களே: செம்புக் கம்பி, நைலான் கயிறு, செய்தியைக் கருவிக்குக் கொணரும் கேபிள், 12 வோல்ட் பாட்டரி, சிறிய கருவிப்பெட்டி. நம் வட்டாரத்தில் மலிந்த சவுக்குக் கழி ஒன்று கம்பமாயிற்று. 7.1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 42 மீட்டர்; அதிற் பாதி 21; கம்பியில் அலை சற்றுக் குறுகி அமைவதால் நூற்றுக்கு ஐந்து கழித்து 20 மீட்டர் என்று கணக்கிட்டார். அதனை நடுவில் வெட்டிப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டின் இருபுறமும் முடிந்தார். அம்முடிச்சுகளில் கேபிளின் உட்கம்பியையும் மேலுறைக் கம்பியையும் தனித்தனியே பிணைத்தார். கழியின் தலையில் அத்துண்டைக் கட்டி, மூன்று பக்கமும் இழுகயிறு பிடித்து நிமிர்த்தினோம். இரு கரங்களும் கூரைபோற் சரிந்து இறங்கின. அவற்றின் நுனியில் செய்தி விடுக்குங்கால் மின்னழுத்தம் மிகும் ஆதலின் ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் நைலான் கயிற்றால் நிறுத்தினோம். அருகில் மின்வழி யாதும் இல்லை என்பதை முதலிலேயே அவர் சுற்றிப் பார்த்திருந்தார். மின்கம்பிக்கு அருகே ஏரியல் கட்டுவது உயிருக்கு இறுதியாகும் என்றும் அறிவுறுத்தினார்.

அளவுகாட்டும் கருவியை இணைத்தபோது கம்பி சற்று நீண்டிருத்தல் தெரிந்தது. இருபுறமும் சாணளவு மடித்துக் கட்டினோம், முள் இறங்கியது. இரைச்சல் அடங்கிய வெளியில், காலைப்பொழுதில், தென்பாண்டி நாட்டிலிருந்து ஒருவர் தம் ஊர் வானிலையைத் தமிழிற் கூறிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. எங்களுக்கும் அவர்க்கும் இடையே கோபுரம் இல்லை, கம்பெனி இல்லை, கட்டணம் இல்லை. பின்னர்ப் பெரியவர் கழியைச் சாய்த்து நடுப்பகுதியை ஆளுயரத்திற்குத் தாழ்த்திக் காட்டினார். அக்குரல் தேய்ந்து இரைச்சலில் அமிழ்ந்தது. மீண்டும் நிமிர்த்தோம்; குரல் மீண்டது. பொன்டெக்கியோத் தோட்டத்தில் 2, 4, 8 என்று மார்க்கோனி கண்ட கணக்கு எத்தன்மையது என்பது நூலைவிட அவ்வயலில் எமக்கு நன்கு விளங்கிற்று. இங்கு அலையும் முறையும் வேறேயாயினும், உயர்த்தினால் உரைக்கும் என்பது அன்றும் இன்றும் ஒன்றே.

இது பொழுதுபோக்கு மட்டுமோ எனின், அன்று. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தாப் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் தாக்கியபோது மின்சாரமும் கைப்பேசியும் பல இடங்களிற் செயலிழந்தன. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானை அழித்தபோது, வேறொரு நோக்கமாக ஏரியல் கட்டிப் போர்ட் பிளேயரில் தங்கியிருந்த இந்திய அமெச்சூர்கள் தம் கருவிகளைக் கொண்டு தீவினரின் நிலையை நாட்டிற்கு அறிவித்தனர். பெருங்கோபுரம் வீழ்ந்த நாளில் ஒரு கழியும் 20 மீட்டர்க் கம்பியும் ஒரு பாட்டரியும் போதுமானவை. கோபுரம் வீழ்ந்தபின் காற்றாடி விட்ட மார்க்கோனியின் செயலும் இதுவேயன்றோ!

மார்க்கோனியின் பிற்காலம் புகழும் மாசும் கலந்தது. 1931இல் போப்பரசர் பதினோராம் பயஸ் வேண்ட வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தார். அதே காலத்தில் முசோலினியின் பாசிஸக் கட்சியில் உறுப்பினராயிருந்தார். 1923இலேயே அதிற் சேர்ந்தவர். எத்தியோப்பியா நாட்டின்மீது இத்தாலி நிகழ்த்திய போரையும் ஆதரித்துப் பேசினார். தேசங்களை இணைக்கும் கருவியைத் தந்தவர் ஒரு தேசத்தை அடிமைப்படுத்துவதை ஆதரித்தார் என்பதை மறைத்தெழுதுதல் வரலாறாகாது. 1937 ஜூலை 20ஆம் நாள் உரோமாபுரியில் மாரடைப்பால் தம் 63ஆம் அகவையில் காலமானார். உலகின் பல நாடுகளில் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிட நேரம் மௌனம் காத்தன. அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் போஸும் மறைந்தார்.

1943இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் மார்க்கோனியின் சுருதிசேர்ப்பு உரிமைச்சாசனத்தின் முக்கியப் பகுதிகள் செல்லாவெனத் தீர்ப்பளித்தது. லாட்ஜ், டெஸ்லா, ஸ்டோன் ஆகியோர் அவற்றை முன்னரே கண்டிருந்தனர் என்பது காரணம். அலையைக் கண்டவர் ஹெர்ட்ஸ்; உணர்கருவியைச் செப்பமாக்கியவருள் ஒருவர் போஸ்; சுருதி சேர்க்க அறிந்தவர் பலர். இவற்றையெல்லாம் கழித்தபின் மார்க்கோனிக்கு எஞ்சுவது யாது? கம்பியை உயர்த்தினால் தொலைவு கூடும் என்று கண்டதும், கம்பம் வீழ்ந்தபோது மனம் வீழாமல் வேறோர் கம்பியை உயர்த்தியதுமே. அது சிறிதன்று.

நம் கல்லூரியின் பௌதிகக் கழகத்தார் நீண்ட காலமாகப் பெரிய கருவிகளுக்குப் பொருளுதவி எதிர்பார்த்திருக்கின்றனர் என அறிவோம். அதுவரை விளையாட்டுத் திடலின் ஓரத்து மரங்களுக்கிடையே ஒரு கம்பி கட்டலாம். கேட்பதிற் பயின்று, தேர்வெழுதி உரிமம் பெறுவார் சிலர் நம்முள் தோன்றினால், அடுத்த புயலுக்குள் நம் கல்லூரி ஒரு குரலைப் பெற்றிருக்கும். தமிழ் மாணவராகிய யாம் கயிறு இழுக்கவேனும் வருவோம்.